மருந்துக்கு நான்காமவன்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே வினா எழுவதுண்டு. தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய அதன் இறுதிக் குறளிலே வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மூன்றாவது மருந்து, நான்காமவன் ‘உழைச்செல்வான்’. முதல் மூன்றும் மாணாக்கர்க்கு எளிதில் விளங்கிவிடும். நான்காமவன் யார்? “வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்கிற வேலைக்காரரா, ஐயா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்பான். வகுப்புச் சிரிக்கும்.

நான் சிரிப்பதில்லை. உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தே சென்று நின்று மருந்தை முறைப்படி ஆக்கியும் ஊட்டியும் உதவுபவனே உழைச்செல்வான். மருந்தைப் பிழைபடாமல் செய்து முடிப்பவன் என்ற கருத்திலேயே பரிமேலழகர் அவனை விளக்குகிறார். நால்வரையும் எண்ணுமிடத்துப் பிழைபடாமை என்னும் பொறுப்பை அவர் இந்நான்காமவன் தோளிலே ஏற்றியிருப்பது ஊன்றி நோக்கற்பாலது.

இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுந்தோறும் என் மனக்கண்முன் ஒரு முதியவர் தோன்றுவார். ராகலைப் பகுதித் தோட்டமொன்றின் மருந்துச்சாலையிலே மருந்து கலந்து கொடுத்தவர் அவர். அதற்கு முன்னர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இந்தியப் படையின் மருத்துவமனையொன்றில் அதே பணியைச் செய்தவர். படைத்தலைவர்க்குச் சிலை உண்டு. வாளெடுத்து வீழ்ந்தவர்க்கு நடுகல் உண்டு. படைவீரனின் பக்கத்தே நின்று அவன் மருந்தை அளந்தவனை நினைப்பார் அரியர். அத்தகையோரைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டைத் தமிழர் போரை எத்துணை விரும்பிப் பாடினர் என்பதைப் புறநூல்கள் காட்டும். புண்பட்ட வீரரின் உடலை வெண்மையான நெடிய ஊசி கொண்டு தைத்த செய்தி பதிற்றுப்பத்திலே வருகிறது. தழும்பின் அழகு அங்கே பேசப்படுகிறது; தைத்த கை யாருடையது என்பது பேசப்படவில்லை. பிற்காலத்துச் சான்றொன்றையும் கூறலாம். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. காலம் ஏறத்தாழ 1068. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர்சாலையைப் பற்றி அது விரித்துரைக்கிறது. மருத்துவராகிய கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பாரின் பெயர் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சேமித்து வைக்கவேண்டிய தைலங்கள், நெய்கள், சூரணங்கள் ஆகியவற்றின் பெயர்களும் வரிசையாக உள்ளன. மூலிகை கொணர்ந்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்சுவோரைப் பற்றியோ ‘இருவர்’ என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. மருந்துக்குப் பெயர் உண்டு. அதை ஆக்கினவனுக்கு இல்லை. உழைச்செல்வானுடைய நிலை அன்றுதொட்டே அவ்வாறு இருந்தது போலும்.

படைக்கென்று தனியே மருந்தாளர் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். போரிலே மனிதரை மிகுதியாகக் கொல்வது பகைவனின் படைக்கலம் என்றே நாம் எண்ணுகிறோம். வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. 1853 முதல் 1856 வரை நிகழ்ந்த கிரிமியப் போரில், காயத்தால் இறந்த பிரித்தானிய வீரரைப் போல மும்மடங்குக்கு மேற்பட்டோர் வாந்திபேதி, சீதபேதி, காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டனர். பாசறை என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே நீரைக் குடித்து, ஒரே சேற்றிலே படுத்து வாழும் இடம். அங்கே நோய் நுழைந்துவிட்டால் பகைவன் வரவேண்டியதே இல்லை. ஆதலால், மருந்தைச் சுமந்து செல்லவும், கெடாமற் காக்கவும், ஒருவனுக்கன்றிப் பல்லாயிரவருக்கு ஒரே அளவாகப் பகிர்ந்தளிக்கவும் வல்ல ஒருவன் படைக்கு இன்றியமையாதவன் ஆனான்.

அத்தகையோருள் இருவரை நம் மலைநாட்டார் மறத்தலாகாது. முதல்வர் பிரான்சு நாட்டு அந்துவான் ஒகுஸ்தென் பார்மான்தியே. 1737இல் பிறந்த இவர், 1756 முதல் 1763 வரை நிகழ்ந்த ஏழாண்டுப் போரிலே பிரெஞ்சுப் படையின் மருந்தாளராகப் பணிபுரிந்து, பிரசியரிடம் சிறைப்பட்டார். சிறையிலே அவருக்கு இடப்பட்ட உணவு உருளைக்கிழங்கு. அக்காலத்துப் பிரெஞ்சு மக்கள் அதனைப் பன்றித் தீனி என்று இகழ்ந்தனர். உண்டால் தொழுநோய் வரும் என்று அஞ்சியவரும் உளர். அதை உண்டு உயிர்வாழ்ந்த மருந்தாளரோ, உண்டபின் தம் உடல்நிலையைத் தாமே ஆராய்ந்தார். நாடு திரும்பியபின் உருளைக்கிழங்கின் உணவுத்திறத்தை விடாமல் எடுத்துரைத்தார். 1772இல் பாரிசு மருத்துவக் கழகத்தார் அது மனிதர் உண்ணத்தக்கதே என்று ஒப்புக்கொண்டனர். இன்று கந்தப்பளையிலிருந்து ராகலை வரும் வீதியின் இருமருங்கும் உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காண்போர், உலகம் அக்கிழங்கை ஏற்கச் செய்தவர்களுள் ஒரு படைமருந்தாளரும் இருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

மற்றவர் யோசெப் கவாந்து. 1815இல் நெப்போலியன் எல்பாத் தீவிலிருந்து மீண்டுவந்தபோது, இருபது வயது நிரம்பாத இவ்விளைஞர் படைமருந்தாளராகச் சேர்ந்தார். வாட்டர்லூவோடு அந்தப் படைவாழ்வு முடிந்தது. பாரிசுக்குத் திரும்பி மருந்துப் படிப்பைத் தொடர்ந்த அவர், பெல்லத்தியே என்னும் மருந்தாளரோடு கூடி, 1820இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார். பட்டையைப் பொடித்து உண்ட காலத்தில் ஒரு பிடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எவராலும் சொல்ல முடிந்ததில்லை. பட்டைக்குப் பட்டை வலிமை வேறுபட்டது. கொயினா தனியே கிடைத்த பின்னரே இன்ன நோய்க்கு இத்தனை அளவு என்று நிறுத்துக் கொடுத்தல் இயல்வதாயிற்று. மருந்தாளரின் தொழிலே அளவு. அளவுக்கு அடிகோலியவரும் மருந்தாளரே.

இனி நம் பக்கம் வருவோம். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் வைத்தியராயிருந்த வைற்லோ எயின்ஸ்லி என்பவர், இந்நாட்டு மருந்துச் சரக்குகளைத் திரட்டி 1813இல் சென்னையிலே ஒரு நூலை அச்சிட்டார். சரக்குகளின் தமிழ்ப் பெயர்களும் அதில் இடம்பெற்றன. கடல் கடந்து வந்த மருந்து தீர்ந்துபோனால், படையின் மருந்தாளன் கடைத்தெருவுக்குத்தான் போகவேண்டும். அங்கே இலத்தீன் பெயர் செல்லாது. சுக்கு, திப்பிலி, கடுக்காய், நிலவாகை என்று கேட்டால்தான் கிடைக்கும். 1835இல் சென்னையில் ஆளுநர் பிரெடெரிக் அடம் காலத்திலே தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியும், படைக்கு வேண்டிய கீழ்நிலை மருத்துவ ஊழியரைப் பயிற்றுவிப்பதற்காகவே எழுந்தது. பின்னர் 1850இல் கல்லூரியாகிப் புகழ்பெற்ற சென்னை மருத்துவக் கல்லூரியின் வேர் அதுவே. அன்று அங்கே பயின்றோர் படிப்படியாக உயர்ந்து பெற்ற பட்டம் அப்போதிக்கரி என்பது. அச்சொல் இலங்கைத் தமிழிலும் நெடுங்காலம் வழங்கிற்று. மருத்துவமனைச் சிற்றூழியரை ‘ஓடலி’ என்கிறோமே, அதுவும் படையதிகாரியின் ஏவலாளனைக் குறித்த ஆங்கிலச் சொல்லின் திரிபே.

தோட்டத்து வழக்குச் சொற்களையும் ஈண்டு நோக்குதல் தகும். தொழிலாளர் வாழும் வீடுகளுக்கு ‘லயம்’ என்று பெயர். படைவீரர் குடியிருப்புகளை வரிசையாக அமைத்து அவ்வரிசையின் பெயராலேயே அழைத்த வழக்கிலிருந்து வந்த சொல் அது. விடியற்காலையில் தொழிலாளர் கூடி வேலை பெறுமிடம் ‘பெரட்டுக்களம்’. படையின் அணிவகுப்பைக் குறிக்கும் சொல்லே பெரட்டு எனத் திரிந்தது என்பர். தோட்டம் தன்னை ஒரு படையாகவே எண்ணிக்கொண்டது. படைக்கு மருந்தாளன் ஏன் வேண்டும் என்று கண்டோமோ, தோட்டத்துக்கும் அவன் அதனாலேயே வேண்டியவனானான். வாடிய உடல் மலையேறாது. 1872இலும் பின்னர் 1912இலும் இலங்கை அரசு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவை குறித்துச் சட்டங்கள் இயற்றியமைக்கு இரக்கமும் காரணமாக இருந்திருக்கலாம்; தேவையும் காரணமாக இருந்தது. இவ்வுண்மையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

கொயினாவுக்கும் நம் மலைக்கும் உள்ள உறவு இன்னும் நெருங்கியது. நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்குச் செல்லும் வீதியிலுள்ள ஹக்கலைப் பூங்காவுக்கு இன்று மலர் காணச் செல்கிறோம். 1861இல் அப்பூங்கா அமைக்கப்பட்டது மலருக்காகவன்று. தென்னமெரிக்காவிலிருந்து கொணர்ந்த சிங்கோனாக் கன்றுகளை வளர்த்துப் பார்ப்பதற்காகவே. நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அம்மரம் நடப்பட்டதும் அக்காலத்திலேதான். வெப்ப நாடுகளிலே படை வைத்திருந்த பேரரசுக்குக் கொயினா இன்றிப் படை இல்லை. 1869இல் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் இலங்கைத் துரைமாரை நிலைகுலையச் செய்தபோது, அவர்களிற் பலர் சிங்கோனாவை நட்டனர். 1886ஆம் ஆண்டளவில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை இத்தீவிலிருந்து ஏற்றுமதியாயிற்று. பண்டம் மிகுந்ததால் விலை வீழ்ந்தது, யாவாத் தீவின் பட்டை வலிமையிலும் விஞ்சிற்று, மரங்கள் வெட்டப்பட்டன, தேயிலை எங்கும் பரந்தது. காய்ச்சல் நுளம்பு வாழாத குளிர்மலையிலே விளைந்த பட்டை, காய்ச்சல் நிலத்து மக்களுக்குப் போயிற்று. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த நம் முன்னோருள் எத்தனையோ பேர் அக்காய்ச்சலாலேயே வழியில் வீழ்ந்தனர் என்பதையும் இங்கே எண்ணாதிருத்தல் இயலவில்லை.

நிற்க. மேற்கூறிய முதியவரிடம் திரும்புவோம். அவரை எல்லாரும் ‘டாக்டர் ஐயா’ என்றே அழைப்பர். “நான் டாக்டர் இல்லை; டாக்டர் எழுதியதைக் கலந்து கொடுக்கிறவன்” என்று ஒவ்வொரு முறையும் திருத்துவார். நான் சிறுவனாயிருந்த 1970களின் இறுதியில் அவருக்கு வயது அறுபதை எட்டிக்கொண்டிருந்தது. அசாம் எல்லையிலே இருந்த களமருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, போர் முடிந்தபின் உறவினரைத் தேடி மலைநாட்டுக்கு வந்து, தோட்டத்து மருந்துச்சாலையில் அமர்ந்தவர். அவருடைய மேசையின்மேல் ஒரு சிறு தராசு, கண்ணாடி அளவைக் குவளை, பீங்கான் உரல், கறைபட்ட ஒரு பேரேடு ஆகியன இருக்கும். நஞ்சு மருந்துகள் தனி அலுமாரியில் இரட்டைப் பூட்டுக்குள் இருக்கும். அதன் திறவுகோலை இடுப்பைவிட்டு அவர் அகற்றியதை நான் கண்டதில்லை.

அக்கால அளவைகளை அவர்தாம் எனக்குச் சொல்லித்தந்தார். 60 மினிம் சேர்ந்தால் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்சு. 20 அவுன்சு ஒரு பைந்து. ஒரு கிரெயின் என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் குன்றிமணியிற் பாதி எடை. “குன்றிமணியில் பாதி தவறினால் ஓர் ஆள்” என்பார். நீர்மருந்துப் புட்டியின் பக்கத்திலே, பல்பல்லாக வெட்டிய காகித நறுக்கு ஒன்றை ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்தறியாத தாயும் அதைக் கண்டு அளவு தவறாமல் ஊற்றுவாள். இதனைப் படையிலே கற்றதாக அவர் கூறினார். எழுத்தறியாச் சிப்பாய்கள் அங்கேயும் இருந்தார்கள்.

படையின் மருந்துகளைப் பற்றி அவர் சொன்னவற்றுள் சில நகைச்சுவையானவை. முதலாம் உலகப் போரில் ஆங்கிலச் சிப்பாய்களிடையே ‘ஒன்பதாம் எண்’ மாத்திரை பெயர்பெற்றது. எந்த நோய் என்று சென்றாலும் கிடைக்கும் பேதி மருந்து அது. விரைவிலே எடுத்துக்கொடுப்பதற்காக மருந்துகளுக்கு எண்ணிட்ட வழக்கத்தின் விளைவு அந்தப் பெயர். சிரித்துக்கொண்டே இதைச் சொன்னவர், மஞ்சள் மாத்திரையைப் பற்றிப் பேசும்போது சிரித்ததில்லை.

1942இல் யாவாத் தீவு யப்பானியர் வசமாயிற்று. உலகின் கொயினாவில் மிகப் பெரும்பங்கு அத்தீவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அது ஒரே நாளில் நின்றதுபோலாயிற்று. அதற்கு மாற்றாகத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட மெப்பகிரின் என்னும் மஞ்சள் மாத்திரை வழங்கப்பட்டது. மிகக் கசப்பானது, நாள்தோறும் உண்டால் தோலே மஞ்சளாகும். ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி வேறு பரவிற்று. பர்மா எல்லையிலே 1943இல் நிலை எவ்வாறிருந்தது என்பதை, 14ஆவது படையின் தலைவராயிருந்த சிலிம் தம் நூலிலே பதிந்துள்ளார். காயமுற்று அனுப்பப்பட்ட ஒருவனுக்கு நோயுற்று அனுப்பப்பட்டவர் 120 பேர். நூறு வீரர்க்கு ஆண்டொன்றில் 84 மலேரியா நோய்கள். மருந்து இல்லாமலன்று, மருந்து இருந்தது. சிப்பாய்கள் அதனை விழுங்கவில்லை.

சிலிம் ஒரு கட்டளை இட்டார். முன்னறிவிப்பின்றி ஒரு பிரிவிற்குச் சென்று, வீரர் யாவரும் மாத்திரை உண்டனரா என்று சோதிப்பர். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைந்து காணப்பட்டால், அப்பிரிவின் தலைவர் பதவி இழப்பார். மூவரை அவ்வாறு நீக்கியதோடு மற்றையோர் விழித்துக்கொண்டனர். 1945இல் அப்படையில் நோயுறுவோர் தொகை நாளொன்றுக்கு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்குத் தாழ்ந்தது. புதுமருந்து எதுவும் இடையிலே வந்து இம்மாற்றத்தைத் தனியே செய்துவிடவில்லை. முன்பு கையோடு நின்ற மாத்திரை தொண்டைக்குள் இறங்கியதும் இம்மாற்றத்துக்குப் பெருங்காரணம் ஆயிற்று.

அக்கட்டளை வரைபடத்தின்முன் நின்ற தளபதியினுடையது. அதை நாள்தோறும் மாலையில் நிறைவேற்றியவர்களுள் நம் முதியவரும் ஒருவர். “வரிசையாக வருவான், தம்பி. ஒருவன் வாயில் மாத்திரையைப் போடுவேன், தண்ணீர் குடிப்பான், தன் பெயரை உரக்கச் சொல்லச் சொல்வேன். நாக்குக்கு அடியில் ஒளித்தவனுக்குப் பெயர் குழறும்,” என்றார். முதல் வாரங்களில் வரிசையை விட்டகன்று துப்பியவர்கள் இருந்தனராம். மழை பெய்த மறுநாள் கூடாரங்களின் பின்னே மண் ஆங்காங்கு மஞ்சளாகக் கிடக்குமாம். அந்த மஞ்சளைக் கண்டபோதெல்லாம் தாம் அளந்ததெல்லாம் வீண் என்று அவருக்குத் தோன்றியதாம்.

இதனை நான் கதையாகக் கேட்ட காலம் ஒன்று. அது என் வீட்டு வாசலுக்கே வந்த காலம் 1980. என் தாயாருக்குக் காசநோய் கண்டது. முதல் இரண்டு மாதம் நாள்தோறும் ஊசி; அதன்பின் ஓராண்டு முடியும்வரை மாத்திரை. மூன்றாம் மாதத்திலேயே இருமல் அடங்கிற்று, உடல் தேறிற்று. அம்மா கொழுந்து பறிக்கத் திரும்பினார். தேறியவர் மருந்தை நிறுத்துவது உலக இயல்பு. டாக்டர் ஐயா அவ்வியல்பை அறிந்தவர். விடியுமுன் லயத்து வாசலிலே வந்து நிற்பார். மாத்திரை உள்ளே இறங்கும்வரை நகரமாட்டார்.

அவர் இந்தியக் குடியுரிமை பெற்றவர்களுள் ஒருவர். 1964இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த உடன்படிக்கையின்படி மக்கள் கூட்டங்கூட்டமாகப் பெயர்க்கப்பட்ட காலம் அது. அவருக்கும் நாள் குறித்துக் கடிதம் வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எஞ்சிய மாதங்களுக்கு மருந்துச்சாலையில் மருந்து பெற ஏற்பாடு செய்திருந்தார். என்னை அழைத்தார். “அம்மா விழுங்குகிறார்களா என்று பார்க்கிறது இனி உன் வேலை. விழுங்கினால் இந்தத் தாளில் ஒரு கோடு போடு,” என்றார். மறுநாள் தலைமன்னாருக்குப் போகும் கூட்டத்தோடு போய்விட்டார். எனக்கு அப்போது வயது பத்து.

படைவீரனைப் போலவே நானும் நின்றேன், கோடுகளும் போட்டேன். ஆயினும் ஒருநாள், அம்மாவின் கூடைத் துணியை உதறியபோது மாத்திரைகள் நான்கைந்து விழுந்தன. எனக்குச் சினம் பொங்கிற்று. “ஏன் அம்மா ஏமாற்றினீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “வெறும் வயிற்றில் அது குமட்டுதப்பா. மலையில் மயங்கிக் கிடந்தால் அரைப்பேர்தான் போடுவாங்க,” என்றார். ஒருநாள் வேலைக்கு முழுக்கூலி கிடைப்பதைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பர், பாதிக்கூலி அரைப்பேர். அவர் ஒளித்தது மருந்தையன்று. எங்கள் அரிசியைக் காக்கவே ஒளித்தார். தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதன் மூடியின் உட்புறத்திலே டாக்டர் ஐயாவின் கையெழுத்தில் ஒட்டியிருந்த துண்டில், ‘முதலில் உணவு, பிறகு மருந்து’ என்று எழுதியிருந்தது. அவர் வந்து நின்ற நாள்களில் கையிலே ஒரு காகிதப் பொட்டலமும் இருந்ததை அப்போதுதான் நினைத்தேன். அதற்குள்ளே ரொட்டித் துண்டு இருந்திருக்கிறது. நான் மாத்திரையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் முதல் இரவு ரொட்டியில் பாதியை எடுத்து வைத்தேன். ஆண்டு நிறைந்தது. அம்மா அதன்பின் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

பிற்காலத்திலே கற்ற ஒரு செய்தி இந்நிகழ்ச்சியை எனக்கு மேலும் விளக்கிற்று. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளரைத் தனி விடுதியிலே வைத்து, நல்லுணவும் ஓய்வும் தந்தால்தான் குணமாகும் என்பது அதுவரை இருந்த கொள்கை. நெரிசலான வீடுகளில் வறுமையோடு வாழ்ந்துகொண்டே மருந்துண்ட சென்னை ஏழைகளும், விடுதியில் இருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பக் குணமடைந்தனர் என்று அந்நிலையத்தார் 1959இல் உலகுக்கு அறிவித்தனர். மருந்தை ஒழுங்காக உண்பதே முதன்மையானது என்றும், அதற்கு ஒருவர் கண்முன்னே கொடுத்தல் நன்று என்றும் அங்கே தெளிவாயிற்று. 1990களில் உலக சுகாதார நிறுவனம் அம்முறையையே நாடுகள்தோறும் பரப்பிற்று. படையிலே ஆணையாக இருந்தது, சென்னையிலே ஆராய்ச்சியாகி, உலகத்துக்கு விதியாயிற்று. ராகலை லயத்திலே அது ஒரு முதியவரின் வழக்கமாக இருந்தது.

படையின் தேவையால் மருந்துகள் பிறப்பது இன்றும் ஓயவில்லை. வியட்நாம் வீரரின் மலேரியாவை ஒழிக்கச் சீன அரசு 1967இல் மறைவாகத் தொடங்கிய ஆய்விலே ஈடுபட்டு, பழைய சீன வாகட நூல்களைப் புரட்டி, ஒரு மூலிகையிலிருந்து புதிய மருந்தைக் கண்ட தூ யூயூ என்னும் அம்மையாரும் மருந்தியல் கற்றவரே. 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களை மலேரியாவுக்குப் பறிகொடுத்த இலங்கை, 2016இல் அந்நோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. மகிழ வேண்டிய செய்திகளே. ஆயினும் மருந்து கண்டவர்க்கும் அதை உண்டு பிழைத்தவர்க்கும் நடுவே ஒருவர் நின்றார் என்பது அம்மகிழ்ச்சியிலே மறைந்துபோகலாகாது.

அண்மையில் எங்கள் அயலிலுள்ள மூதாட்டியொருவர் ஐந்து மருந்து உறைகளோடு என்னிடம் வந்தார். எந்த வேளைக்கு எது என்று உறைகளின்மேல் எழுதியிருந்தது. எழுதியிருந்த மொழியோ அவர் வாசிக்க அறியாதது. நிறம் பார்த்து உண்டுவந்ததாகவும், இரண்டு வெள்ளை மாத்திரைகள் ஒன்றாகக் கலந்துவிட்டதாகவும் சொன்னார். வைத்தியர் தேர்ந்தவர், மருந்தும் நல்ல மருந்தே. நான்காமவன் அங்கே இல்லை. தமிழ் ஆட்சிமொழியென்று அரசியலமைப்பிலே 1987இல் எழுதப்பட்டது. அது ஓர் உறையின்மேல் இரண்டு சொற்களாக இறங்கிவருவதற்கும் ஒருவர் பக்கத்தே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உறைகளைப் பிரித்து, காலைக்கு ஒரு பல், மாலைக்கு இரு பல் என்று காகிதத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அவருக்குச் சட்டென்று விளங்கிற்று. “அந்தக் காலத்து டாக்டர் ஐயா மாதிரி,” என்றார். அவரும் அவரை அறிந்தவரே.

மருந்தாளர் தொழிலைக் கற்க விரும்பும் மாணாக்கர் இன்று பலர். பல்கலைக்கழகங்களில் அதற்குப் பட்டப்படிப்பு உண்டு. படையிலே சேர்ந்து அத்தொழிலைச் செய்வோரும் உலகெங்கும் உளர். அவர்கட்கெல்லாம் ஓர் ஆசிரியனாக நான் கூறக்கூடியது ஒன்றே. அளவு தவறாமை உங்கள் தொழிலின் முதற்பாதி. அதனைக் கல்லூரி கற்பிக்கும். மறுபாதி, கொடுத்த மருந்து எங்கே போயிற்று என்று பார்த்தல். விழுங்காதவனைக் கண்டால், ஏன் விழுங்கவில்லை என்று கேட்டல். ஆணையிட்டு உண்பிக்கப் படையால் முடியும். ஏனையோரிடத்தில் கேள்வியும் ஒரு துண்டு ரொட்டியுமே ஆணையின் வேலையைச் செய்யவேண்டியிருக்கின்றன.

அடுத்த ஆண்டும் அக்குறள் வரும். பின்வரிசையிலிருந்து அவ்வினாவும் வரும். வேலைக்காரரா என்று கேட்பவனுக்கு, ஆம், வேலைக்காரர்தாம் என்றே விடை சொல்லி, அந்த வேலை இன்னதென்பதையும் சொல்லுவேன். டாக்டர் ஐயா தமிழ்நாட்டில் எவ்வூரில் குடியேறினார், எந்நாளில் மறைந்தார் என்ற செய்தி எங்களுக்கு எட்டவேயில்லை. தகரப் பெட்டி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குள்ளே, நான் கோடிட்ட தாளும் இருக்கிறது.